கேட்டதில் பாதி

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து உரிமை கொண்டாட வேண்டாம்.

தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களையெல்லாம் தள்ளித் தள்ளி உட்காரவைத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலி. முழங்கால் நெஞ்சை இடிக்க நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். முகக்கவசத்தைத் தாண்டி வந்த பேச்சில் எனக்கு முழுதாகக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம்தான்.

"ரெண்டு வேணும்னா நாலு கேக்கணும்னு நாலு கேட்டேன். நாலையும் குடுத்துட்டாங்க."

சொன்னவள் சிரித்தாள். கேட்டது கிடைத்தவள் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. கண்ணெதிரே பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. பக்கத்தில் இருந்தவள் சிரிக்கவில்லை. நேரம் முடிந்தது என்று செவிலியர் வந்து சொன்னதும் இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள்.

அவள் எதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. தலையணை உறையாக இருக்கலாம். விடுப்பாக இருக்கலாம். வாரங்கள் என்று முடிவு கட்டியது நான். அவளை ஒரு நகரத்தின் சுகாதார அதிகாரி ஆக்கியதும் நான்தான். நோய்க் காலத்துக் கதை என்றாலே "ஐயையோ, மறுபடியுமா?" என்று ஜனங்கள் ஓடுகிற நேரத்தில் இதை ஏன் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பு காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தன." (ஊரடங்குக் கதைகள் எல்லாவற்றிலும் தெருக்கள் வெறிச்சோடித்தான் கிடக்கின்றன. போதாததற்கு ஒரு நாயும் நடுரோட்டில் படுத்திருக்கும். வேண்டாம்.)

"உயிரா, பொருளாதாரமா என்ற கேள்வி மனித குலத்தின் முன்னால்…" (இது பட்டிமன்றத் தலைப்பு. மனித குலத்தின் முன்னால் எந்தக் கேள்வியும் வந்து நின்றதில்லை. ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டது, அவ்வளவுதான்.)

"படியில் வைத்திருந்த தட்டை எடுக்கக் குனிந்தபோது, கீழே அக்கா அழுகிற சத்தம்…" (அக்கா அழுகிற ஆள் இல்லை. அவளை இன்னும் நீங்கள் பார்க்கவில்லை. பார்த்தால் நீங்களும் இந்த வரியை அடித்திருப்பீர்கள்.)

ஆகவே கூட்டம் நடக்கிற அறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கதைக்கு இது சப்பென்ற இடம்தான். ஆனால் எல்லாம் நடந்தது அங்கேதான்.

3

நீள மேசை. முன்பு இருபது பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்த மேசையில் இப்போது ஐந்தாறு பேர், பேசாத சொந்தக்காரர்கள் மாதிரித் தள்ளித் தள்ளி. ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்ததால் காகிதங்கள் பறந்தன. ஆளுக்கு ஒரு சானிடைசர் புட்டியைத் தாள்களின் மேல் வைத்திருந்தார்கள். நோய்க்கு எதிராக அந்தப் புட்டி செய்த வேலையைவிடக் காற்றுக்கு எதிராகச் செய்த வேலை அதிகம்.

மேசையின் தலைப்பக்கத்தில் குழுத் தலைவர். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கதை எழுதச் சுலபமாக இருந்திருக்கும். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் பொறுமையாகக் கேட்பார். எதிர்த்தரப்பையும் பொறுமையாகக் கேட்பார். பிறகு பாதியில் முடித்துவைப்பார். "ரெண்டு பக்கமும் கொஞ்சம் வலிக்கணும். அப்பதான் முடிவு சரின்னு அர்த்தம்" என்பார். அலுவலகத்தில் அவருக்கு நடுவாந்தரம் என்று பெயர். அது அவருக்கும் தெரியும். கோபப்படமாட்டார், பாதிச் சிரிப்புச் சிரிப்பார்.

அவருக்கு இடப்பக்கம் வணிகர் சங்கச் செயலாளர். மொத்தச் சந்தையில் வெங்காய மண்டி வைத்திருப்பவர், கூடப் பிறந்த தம்பியும் அவருமாக. கனத்த குரல். வலப்பக்கம் டாக்டர், நான் சுகாதார அதிகாரி ஆக்கியவள். மருத்துவமனையை விட்டு நிர்வாகத்துக்கு வந்து பல வருடம் ஆகிவிட்டது. நாடி பிடித்தே நாளாயிற்று, ஆனாலும் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே.

இந்தக் குழுவுக்கு வந்த வேலை இதுதான்: நோய் ஏறும்போது சந்தையையும் பட்டறைகளையும் கடைகளையும் எத்தனை வாரம் மூடுவது என்று சொல்ல வேண்டும்.

முதல் கூட்டத்தில் டாக்டர் இரண்டு வாரம் கேட்டாள். அவளுக்கு வேண்டியிருந்ததும் இரண்டுதான். செயலாளர் எழுந்தார். ஒரு நாள்கூட முடியாது என்றார். மூட்டை தூக்குகிறவன் இன்று தூக்கினால்தான் இன்று அவன் வீட்டில் அடுப்பு எரியும் என்றார். லாரியில் வந்து நிற்கிற சரக்கு அழுகினால் அதை விளைவித்தவன் என்ன ஆவான் என்று கேட்டார். நோயில் செத்தால் நீங்கள் எண்ணுவீர்கள், பசியில் செத்தால் யார் எண்ணுவார்கள் என்று கேட்டார். அதில் பொய் எதுவும் இல்லை. நன்றாகப் பேசினார், நெஞ்சைத் தொடும்படி பேசினார்.

"சரி, ஒரு வாரம்" என்றார் தலைவர்.

ஒரு வாரம் மூடினார்கள். பிறகு சந்தை திறந்தது.

4

வெளியே வந்ததும் டாக்டரின் உதவி அலுவலர் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன மேடம் நீங்க, வேணுங்கறதை அப்படியேவா கேப்பாங்க? இங்க யாரும் அப்படிக் கேக்கறதில்ல."

உண்மைதான் என்று டாக்டருக்கு அப்புறம் தெரிந்தது. போலீஸ்காரர் கேட்கிற ஆள்பலத்தில் பாதி காற்று. மருத்துவமனை கேட்கிற கட்டில்களிலும் அப்படியே. ஒரு நாள்கூட முடியாது என்று செயலாளர் சொன்னதற்கும் ஒரு வாரம் தாங்கும் என்றுதான் அர்த்தம். பாதியாக்கப்படும் என்று தெரிந்த எல்லோரும் இரட்டிப்பாக்கிக் கேட்டார்கள். எல்லோரும் இரட்டிப்பாக்குகிறார்கள் என்று தெரிந்த தலைவர் பாதியாக்கினார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் உண்மையான எண் என்று ஒன்றும் இல்லை.*

(* இதை ஊழல் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு மணி நேரத்தில் கிளம்ப வேண்டும் என்றால் அரை மணியில் என்றுதான் சொல்வோம். குடும்பங்கள் இப்படித்தான் நடக்கின்றன. குடும்பம் நடத்துகிற முறையில் ஊரை நடத்தலாமா என்பது வேறு விஷயம்.)

டாக்டரும் கற்றுக்கொண்டாள். பரிசோதனைக்கு ஆட்கள் கேட்டபோது கூட்டிக் கேட்டாள், பாதி கிடைத்தது, அது போதுமாக இருந்தது. வாகனம் கேட்டபோதும் அப்படியே. இப்போதெல்லாம் தேறிவிட்டீர்கள் மேடம் என்றார் உதவி அலுவலர். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார்.

5

சந்தை திறந்து கொஞ்ச நாளில் நோய் மறுபடி ஏறியது. முன்னைவிட வேகமாக. மறுபடி அதே அறை, பறக்கிற காகிதங்கள், புட்டிகள்.

டாக்டர் மனதில் இருந்தது இரண்டு வாரம். வாய் நான்கு என்றது.

தலைவர் இடப்பக்கம் திரும்பினார். செயலாளர் எழவில்லை. அவர் தம்பி மூன்று நாளாக மருத்துவமனையில் ஆக்சிஜனில் கிடந்தான், சந்தையில் ஒட்டியதுதான். பார்க்க விடவில்லை. செவிலியர் ஒருத்தி தினமும் சாயங்காலம் வீடியோவில் முகத்தைக் காட்டுவாள், அவ்வளவுதான். செயலாளர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "டாக்டரம்மா சொல்றபடியே வச்சுக்கலாம். எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல."

எதிர்த்தரப்பு இல்லாமல் பாதி எப்படி வரும்? தலைவர் சற்று நேரம் பேனாவை உருட்டினார். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்பார்கள், அன்றைக்கு வந்தது. "அப்ப நாலு" என்று எழுதினார்.

இந்த இடத்தில் டாக்டர் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். "மன்னிக்கவும், உண்மையில் இரண்டே…" என்று ஒரு வரி. "நான் கொஞ்சம் கூட்டித்தான்…" என்று ஒரு வரி. எதுவும் அவள் வாயிலிருந்து வரவில்லை. தம்பியைச் சாகக் கொடுக்கப்போகிறோமோ என்று உட்கார்ந்திருக்கிற ஒருவர், வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேரம் பேசாமல் உங்கள் சொல்லை முழுசாக நம்புகிறார். அவர் முகத்துக்கு நேரே, நான் சொன்னதில் பாதி சும்மா என்று எப்படிச் சொல்வது? அவள் தலையை ஆட்டினாள். கூட்டம் முடிந்தது.

6

இப்போது அவள் வீட்டுக்குப் போகலாம்.

மாடியில் டாக்டர், கீழே அக்காவும் அத்தானும். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் கல்யாணமே சலித்துப்போய் டாக்டரை விட்டுவிட்டது. அக்கா பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். நோய் வந்த பிறகு டாக்டர் கீழே இறங்குவதில்லை. ஆஸ்பத்திரி, முகாம் என்று சுற்றிவிட்டு வருகிறவள். சாப்பாட்டுத் தட்டு படியின் நடுவில் வந்து உட்காரும். அக்கா கீழ்ப்படியில், தங்கை மேல்படியில் நின்று பேசிக்கொள்வார்கள். அறுபது வயதுக்குக் கிட்டே வந்துவிட்ட தங்கையை அக்கா இன்னும் குட்டி என்றுதான் கூப்பிடுவாள்.

அத்தானுக்கு பஸ் சீட் தைக்கிற பட்டறை. குஷன் கடை என்பார்கள். ரெக்சின் சுருள்கள், பலகை பலகையாக ஃபோம், ஒட்டுகிற சொல்யூஷனின் நெடி, தடித்த ஊசி போட்ட இரண்டு மெஷின். மூன்று பேர் வேலை. பஸ்கள் நின்றதும் பட்டறையும் நின்றது. சொந்தமாகப் பல பஸ் ஓட்டுகிற ஒரு முதலாளி, வண்டிகள் சும்மா நிற்கிற நேரத்தில் எல்லா சீட்டையும் மாற்றிவிடலாம் என்று நினைத்தார். ஆர்டர் அத்தானுக்கு. அந்த ஒரு ஆர்டர் கிடைத்தால் பட்டறை தப்பிக்கும். கிடைக்காவிட்டால் மெஷின்களை விற்றுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஊரடங்கு இரண்டு வாரத்தில் முடிந்தால் வேலையை ஆரம்பித்து முடித்துவிடலாம். நான்கு என்று அறிவிப்பு வந்ததும் முதலாளி போன் பண்ணினார். இரண்டு வாரம் பார்க்கிறேன், அதற்குள் திறக்காவிட்டால் பக்கத்து மாவட்டத்தில் கொடுத்துவிடுவேன், வருத்தப்படாதீர்கள் என்றார். அங்கே ஊரடங்கு இல்லை. அன்றைக்கு மாடியிலிருந்து தட்டு பாதிச் சாப்பாட்டோடு திரும்பி வந்தது.

அத்தான் அதிகம் பேசாதவர். ஒரே ஒரு தடவை அனுமதி வாங்கிப் பட்டறையைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். ஃபோம் பலகைகளில் எலி வளை தோண்டியிருந்தது. வந்து, கை கால் கழுவி, அரசாங்கத்தைத் திட்டினார். தன் வீட்டு மாடியில் குடியிருப்பதும் அரசாங்கம்தான் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

7

(இந்தப் பகுதியை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். அவசரமாக இருப்பவர்கள் எட்டுக்குப் போகலாம்.)

எனக்கு டாக்டர் மேல் ஒரு சந்தேகம். சொந்த அத்தானின் பட்டறை நடுவில் வராமல் இருந்திருந்தால், அந்தக் கூடுதல் இரண்டு வாரம் அவளை உறுத்தியிருக்குமா? ஊரில் எத்தனையோ பட்டறை. சலூன், தையல் கடை, சைக்கிள் கடை, எல்லாவற்றின் ஷட்டரும் இறங்கித்தான் கிடந்தது. அவற்றுக்காக அவள் சாப்பாட்டைப் பாதியில் வைக்கவில்லை. நான் அவளைக் குறை சொல்லவில்லை. தன் கால் செருப்பில் குத்துகிற ஆணிதான் எல்லோருக்கும் ஆணி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த நான்கு வாரத்தில் யாராவது பிழைத்திருப்பார்கள். நிச்சயம் பிழைத்திருப்பார்கள். ஆனால் யார்? அது யாருக்கும் தெரியாது, பிழைத்தவர்களுக்கே தெரியாது. அவர்கள் இப்போதும் தெருவில் போய்க்கொண்டு, அநியாயமாக ஊரை மூடிப் பிழைப்பைக் கெடுத்துவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டிருப்பார்கள். எலி தோண்டிய வளையைத்தான் விரலை விட்டுப் பார்க்க முடிகிறது. ஒரு கதாசிரியனுக்கு இது பெரிய தொல்லை. நடக்காத சாவை எப்படி எழுதுவது? "அன்று மாலை அவர் சாகவில்லை" என்று ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். அதற்குப் பிறகு எழுத ஒன்றுமில்லை.

எனக்கே அசதியாக இருக்கிறது. அக்காவைக் கூப்பிடலாம்.

8

இரண்டு வாரம் முடிகிற சமயம். நோய் இறங்கிக்கொண்டிருந்தது, டாக்டர் மனதில் போட்ட கணக்குப்படியே. மறுநாள் நிலைமையைப் பரிசீலிக்கக் கூட்டம். பஸ் முதலாளி கொடுத்த கெடுவும் மறுநாளோடு சரி. செயலாளரின் தம்பி இதற்கு நடுவில் இறந்துபோயிருந்தான்.

தட்டை எடுக்க வந்த டாக்டரை அக்கா நிறுத்தினாள்.

"நீ ஒரு வார்த்தை சொன்னா திறந்துடுவாங்களாமே, குட்டி?"

குழுதான் முடிவு செய்யும் என்றாள் டாக்டர். எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட பதில்.

"குழுவுல நாலு வாரம்னு சொன்னது யாரு?"

டாக்டர் மேல்படியில் உட்கார்ந்தாள். பிறகு சொல்லிவிட்டாள். இரண்டு போதும் என்று நினைத்ததை, நான்கு கேட்டதை, நான்கும் கிடைத்ததை. சொல்லும்போது அவளுக்கு ஒரு மாதிரிச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. கத்தவும் இல்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டு, மளிகைக் கடையில் தராசைப் பார்க்கிறவள் மாதிரித் தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப ரெண்டு போதும்னு உனக்கு நல்லாத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. பத்து நாள்லயும் அடங்கியிருக்கலாம், மூணு வாரமும் ஆகியிருக்கலாம். நடுவுல ரெண்டுன்னு நானா வச்சுக்கிட்டேன்."

"தெரியாதுன்னு அங்க சொல்ல வேண்டியதுதானே?"

"அவங்களுக்கு ஒரு நம்பர் வேணும்க்கா. தெரியாதுன்னா வெளிய போன்னுடுவாங்க."

கீழே அத்தான் டிவி பார்க்கிற சத்தம். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உங்க அத்தானுக்கு நான் இதைச் சொல்லப் போறதில்ல. கவர்மெண்டு மேல கோவமா இருக்கறது அவருக்கு வசதியா இருக்கு. உன் மேல கோவப்படற மாதிரி ஆயிட்டா அவரு எங்க போவாரு?"

சாப்பாடு ஆறிப்போய்விட்டது என்று தட்டை எடுத்துக்கொண்டு போய் மறுபடி சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தாள். நாளைக்குத் திற என்றும் சொல்லவில்லை, திறக்காதே என்றும் சொல்லவில்லை. அக்காமார்கள் அப்படித்தான்; சொல்லாமல் விட்டுவிடுவார்கள், அது சொன்னதைவிடப் பாரம்.

9

மறுநாள் கூட்டத்துக்கு என்னிடம் மூன்று முடிவுகள் தயாராக இருந்தன.

ஒன்று: டாக்டர் திறக்கச் சொல்கிறாள், திறக்கிறார்கள், அத்தானுக்கு ஆர்டர் கிடைக்கிறது, ஒரு மாதத்தில், பட்டறையில் ஃபோம் ஒட்டுகிறவர் நோயில்… நிறுத்திவிட்டேன். வாயைத் திறந்தவளைத் தண்டிப்பது கதாசிரியர்களின் கெட்ட பழக்கம். அந்த ஒட்டுகிறவர் எனக்கு என்ன கெடுதல் செய்தார்?

இரண்டு: அவள் மௌனமாக இருக்கிறாள், ஆர்டர் போகிறது, மெஷின்களை விற்கிறார்கள், நோய் அடியோடு நிற்கிறது. தியாகச் சுடர். பின்னணி இசை மட்டும்தான் பாக்கி. அடித்துவிட்டேன்.

மூன்று: என் அத்தானுக்குப் பட்டறை இருக்கிறது, நான் இதில் கருத்துச் சொல்வது முறையல்ல என்று எழுந்துகொள்கிறாள். நேர்மை. அவளுக்குப் பதிலாக உதவி அலுவலர் பேசுகிறார். அவருக்குத்தான் இந்த அறையின் பழக்கம் தெரியுமே, இன்னும் நான்கு வாரம் என்று கேட்கிறார். (இது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு வெறும் கெட்டிக்காரத்தனம் என்று தோன்றிவிட்டது.)

நடந்ததைச் சொல்கிறேன்.

10

டாக்டர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

துணிச்சல் என்று நினைக்க வேண்டாம். முந்தைய இரவு அவள் தூங்கவில்லை. எதையும் மறைத்துவைக்கிற தெம்பு அவளிடம் இல்லை. மனதில் இருந்தது இரண்டு, பாதியாக்குவார்கள் என்று நான்கு கேட்டேன், அந்த இரண்டும் ஒரு உத்தேசம்தான், எனக்கு நிச்சயமாகத் தெரியாது, எங்கள் அத்தானுக்கு ஒரு பட்டறை இருக்கிறது அதையும் சொல்லிவிடுகிறேன், திறக்கலாம் என்று எனக்குப் படுகிறது, ஆனால் என்னை எவ்வளவு நம்புவது என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள் என்றாள். மருந்துச் சீட்டைப் படிக்கிற குரலில் சொன்னாள்.

மேசைக் கோடியில் இருந்த போலீஸ்காரர் தன் புட்டியைத் தள்ளித் தள்ளி வைத்தார். உதவி அலுவலர் டாக்டரை முறைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது, இனிமேல் அந்த அலுவலகம் எதைக் கேட்டாலும் யாரும் நம்பப் போவதில்லை. தலைவர் செயலாளரைப் பார்த்தார். மூடியே இருக்கட்டும் என்றார் செயலாளர். சந்தையின் பூட்டுக்கு எதிராக ஒரு காலத்தில் தொண்டை கிழியப் பேசிய மனிதர், இப்போது அந்தப் பூட்டின் பக்கம். டாக்டர் திற என்கிறாள், வியாபாரி மூடு என்கிறார். தலைவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மிச்சம் இருந்தது இரண்டு வாரம். அவருக்குத் தெரிந்ததைச் செய்தார்: "ஒரு வாரம் இருக்கட்டும். அப்புறம் திறந்துடலாம்."

அத்தானுக்கு அந்த ஒரு வாரம் ஆகாது. டாக்டர் போனை எடுத்து அக்காவுக்கு இரண்டு வரி அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் பஸ் முதலாளி பக்கத்து மாவட்டத்துக்குப் பேசிவிட்டார். மெஷின்களில் ஒன்று அடுத்த மாதமே போயிற்று. இன்னொன்றை அத்தான் விற்கவில்லை, வீட்டுத் தாழ்வாரத்தில் போர்வை போட்டு மூடிவைத்திருக்கிறார். அக்கா சொன்னாளோ இல்லையோ, அவர் இன்றுவரை அரசாங்கத்தைத்தான் திட்டுகிறார்.

ஆக, பெயரும் போயிற்று, பட்டறையும் போயிற்று. இங்கே முடித்திருக்கலாம். களைப்பான கதைக்குக் களைப்பான முடிவு. என் மனைவிகூட இங்கேயே விட்டுவிடுங்கள் என்றாள். முற்றுப்புள்ளி வைத்துவிட்டேன் என்றே சொல்லலாம். அப்போது செயலாளர் கூப்பிட்டார்.

11

சத்தியமாக இது என் திட்டத்தில் இல்லை.

அன்றைக்கே, கூட்டம் முடிந்து எல்லோரும் வெளியே போகிற வழியில், தாழ்வாரத்தின் மூலையில் கை கழுவுகிற தொட்டி. டாக்டர் சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் குழாயில் செயலாளர் வந்து நின்றார். ஆள் இளைத்துவிட்டார், சட்டை தோளில் நிற்காமல் சரிந்தது. நல்லவேளை உண்மையைச் சொன்னீர்கள் என்று ஆரம்பித்தார். டாக்டர் ஏதோ சொல்ல வந்தாள், மன்னிப்பாகத்தான் இருக்கும். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கணும், டாக்டரம்மா. முதல் தடவை நீங்க ரெண்டு வாரம் கேட்டீங்க. நான்தான் சண்டை போட்டு ஒண்ணாக்கினேன்."

ஆமாம் என்றாள் டாக்டர்.

"மார்க்கெட்டைத் தொறந்த அந்த வாரத்துலதான் தம்பிக்கு ஒட்டிச்சு. நீங்க கேட்ட அந்த ரெண்டாவது வாரம்."

டாக்டர் குழாயைப் பார்த்தாள்.

"அந்த ரெண்டும் இந்த மாதிரிதானா? பாதியாக்குவாங்கன்னு கூட்டிக் கேட்டதா? இல்ல, நெசமாவே ரெண்டு வேணும்னு கேட்டதா?"

குரலில் சண்டை இல்லை. கூட்டிக் கேட்டது என்ற பதிலுக்காகத்தான் அவர் நிற்கிறார் என்பது அவர் நிற்கிற விதத்திலேயே தெரிந்தது. கூட்டிக் கேட்டதுதான் என்று அவள் சொல்லிவிட்டால், அவர் வெட்டியது காற்றை. சந்தையில் எல்லோரும் செய்வதைச் செய்தார். தம்பியின் சாவுக்கு நோய் காரணம், விதி காரணம், அவர் காரணம் இல்லை. இப்போதுதான் அவள் ஒரு தடவை கூட்டிச் சொன்னதாக எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டிருக்கிறாள். இன்னொரு தடவையும் அப்படித்தான் என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? இழக்க அவளிடம் பெயரும் மிச்சம் இல்லை.

ஆனால் உங்களுக்குத் தெரியும். கதையைத் தொடர்ந்து படித்தவர் நீங்கள். முதல் கூட்டத்தில் அவளுக்கு அந்த அறையின் பழக்கம் தெரியாது. வேண்டியதை அப்படியே கேட்டாள். அந்த இரண்டு, இரண்டுதான்.

அதையே சொல்லலாம். உண்மை என்று ஒரு மரியாதை இருக்கிறது. அந்த மனிதர் அதைத்தான் கேட்கிறார், அடுத்த தடவை யாராவது ஒரு வாரத்துக்குச் சண்டை போட எழும்போது அது ஞாபகம் இருக்கவும் வேண்டும். அல்லது, அக்காவிடம் சொன்ன மாதிரி, தெரியாது என்று சொல்லலாம். அதுவும் பொய்யில்லை, சந்தை மூடியிருந்தாலும் தம்பிக்கு வேறெங்காவது ஒட்டியிருக்கலாம். ஆனால் தெரியாது என்பதை வாங்கிக்கொண்டு அவர் எத்தனை வருஷம் முழித்துக்கிடப்பார்?

நான் மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் கை நின்றுவிட்டது. எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டது, அதுதான் காரணம். அவர் மூட்டை தூக்குகிறவர்களுக்காகப் பேசியபோதே பிடித்துவிட்டது. என்னால் ஆகவில்லை. மன்னிக்க வேண்டும்.

டாக்டர் கையில் இன்னும் சோப்பு நுரை இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள். அவளுக்குப் பதிலாக, அவளுடைய குரலில், எதையாவது ஒன்றைச் சொல்லுங்கள். எதைச் சொன்னாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் இங்கிருந்து நேராகத் தம்பி பெண்டாட்டியைப் பார்க்கத்தான் போகிறார். என்ன சொன்னாங்க என்று அவள் கேட்பாள்.